ஆகஸ்டுக்கு முன்: கோவையில் யுத்த எதிர்ப்பின் முதல் மூன்றாண்டுகள்

இரண்டாம் உலகப் போரைக் கோவை எப்படி எதிர்த்தது என்று ஊர் வரலாறு தெரிந்தவர்களிடம் கேட்டால் இரண்டு சம்பவங்களைச் சொல்வார்கள். 1942 ஆகஸ்டில் போத்தனூருக்கும் சிங்காநல்லூருக்கும் இடையே ராணுவச் சரக்கு ஏற்றி வந்த ரயில் கவிழ்க்கப்பட்டது ஒன்று. அதே மாதம் 26-ஆம் தேதி சூலூர் விமானத் தளத்தின் கொட்டகைகளுக்கும் லாரிகளுக்கும் தீ வைக்கப்பட்டது இன்னொன்று. இரண்டும் உண்மை. ஆனால் யுத்தம் தொடங்கியது 1939 செப்டம்பரில். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும் இந்த வட்டாரம் வாய்மூடி இருந்துவிடவில்லை. அந்தக் காலத்தில் எழுந்த எதிர்ப்பில் புகையும் இல்லை, சத்தமும் இல்லை. அதனாலேயே அது நினைவில் நிற்கவில்லை. யுத்தத்தைப் பற்றிய வாதத்தை எடுத்துக்கொண்டால், ஆகஸ்ட் தீயைவிட அதில்தான் சரக்கு அதிகம்.

சிங்காநல்லூர் என்றதும் இன்று திருச்சி ரோடும் பஸ் ஸ்டாண்டும் குளமும் நினைவுக்கு வரும். 1942-இல் அதன் முக்கியத்துவம் வேறு. சென்னையிலிருந்து சேலம், ஈரோடு வழியாக வந்த பெரிய லைன், இருகூரில் திரும்பிச் சிங்காநல்லூர் வழியாகவே போத்தனூரைத் தொட்டு, பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்தது. பீளமேடு வழியாகக் கோவை ஜங்ஷனுக்கு வரும் பாதை பிற்காலத்தில் போட்டது. சென்னைப் பக்கமிருந்து கொச்சித் துறைமுகத்துக்கோ மலபாருக்கோ போகிற ராணுவச் சரக்கு இந்தச் சின்ன ஸ்டேஷனைக் கடந்தாக வேண்டும். இந்த இடம் ஏன் குறிவைக்கப்பட்டது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்தக் கட்டத்துக்கு வந்து சேர மூன்றாண்டு ஏன் பிடித்தது, அதற்கு முன் என்னென்ன செய்து பார்த்தார்கள் என்பதே இங்கே ஆராய வேண்டியது.

1939 செப்டம்பர் 3. சென்னைக் கடற்கரையில் சுபாஷ் சந்திர போஸ் பெருங்கூட்டத்தின் முன் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே யாரோ ஒருவர் மாலைப் பத்திரிகையைக் கையில் கொடுத்தார். பிரிட்டன் போரில் இறங்கிவிட்டது என்ற செய்தி அதில் இருந்தது. அன்றே வைசிராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். மத்திய சட்டசபையையோ, மாகாணங்களை ஆண்டுகொண்டிருந்த காங்கிரஸ் மந்திரிசபைகளையோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்னை மாகாணத்தில் ராஜாஜி முதல்வராக இருந்தார். அக்டோபர் கடைசியில் அவருடைய மந்திரிசபை பதவி விலகியது. அதன் பிறகு மாகாணம் கவர்னரின் நேரடி ஆட்சிக்குப் போனது.

இதைக் கால் நூற்றாண்டுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் தூரம் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளின் மீது குண்டு வீசியது. அந்த டிசம்பரில் சென்னையிலேயே கூடிய காங்கிரஸ் மகாசபை பேரரசுக்கு விசுவாசம் தெரிவித்தது. கவர்னர் பென்ட்லண்ட் பந்தலுக்கே வந்து உட்கார்ந்தார். காந்தியும் 1918-இல் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க முயன்றார். அகிம்சைக்காரர் என்று நாம் அறிந்திருப்பவரின் வாழ்க்கையில் உறுத்தலான பக்கம் அது. 1939-இல் அவர் எல்லா யுத்தத்தையும் எதிர்த்தபோது, அந்தப் பழைய பக்கத்தைச் சுட்டிக்காட்டியவர்கள் உண்டு. முதல் போருக்குக் கொடுத்த உதவிக்குக் கைம்மாறாக வந்தவை ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், மனம் மாறியதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

கட்டாயப் பட்டாளம் இல்லாத நாட்டில்

இங்கிலாந்தில் ஒருவன் யுத்தத்தை எதிர்க்க விரும்பினால் வழி தெளிவாக இருந்தது. பட்டாளத்துக்கு வரச் சொல்லி அரசின் அழைப்பு வரும். மனச்சாட்சி இடம் தரவில்லை என்று தீர்ப்பாயத்தின் முன் நின்று சொல்லலாம். இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை இந்தியர்களுக்கு இல்லை. இங்கே வாழ்ந்த ஐரோப்பிய பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு மட்டும் 1940-இல் தனிச் சட்டம் போட்டார்கள். இந்தியனை யாரும் அழைக்கவில்லை. அழைக்காத பந்திக்கு வர மாட்டேன் என்று மறுப்பது எப்படி?

இந்தக் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல், 1940-இல் காந்தி தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தைப் புரிந்துகொள்ள முடியாது. கட்டாயம் இல்லை என்பதால் ஆள் போகவில்லை என்று பொருளல்ல. போர் முடிவதற்குள் இந்திய ராணுவம் சுமார் 25 லட்சம் பேரைக் கொண்டதாக வளர்ந்தது. ஆள் தந்த மாகாணங்களில் பஞ்சாபுக்கு அடுத்த இடம் சென்னைக்கு. முதல் போருக்குப் பின் கலைக்கப்பட்டிருந்த மதராஸ் ரெஜிமெண்டை மறுபடி எழுப்பினார்கள். மழை பொய்த்த காட்டு வெள்ளாமைக்காரன் வீட்டு இளைஞனுக்குப் பட்டாளச் சம்பளம் ஒரு வழி. வறுமையே ஆள் பிடிக்கும்போது சட்டம் எதற்கு? ஆகையால் யுத்தத்தை எதிர்ப்பவன் சந்திக்க வேண்டியிருந்தது கட்டாய உத்தரவை அல்ல. கூலியையும், யுத்த நிதி வசூலையும், பெருகி வந்த ஆர்டர்களையும்தான்.

ஆர்டர்கள் என்றதும் கோவைக்கு வந்துவிடுகிறோம். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு திருச்சி ரோட்டிலும் அவிநாசி ரோட்டிலும் ஆலைகள் வரிசையாக முளைத்தன. சிங்காநல்லூர், பீளமேடு, உப்பிலிபாளையம் எங்கும் சங்குச் சத்தம்தான் கடிகாரம். போர் வந்ததும் ராணுவத்துக்குத் துணி வேண்டும், கூடாரம் வேண்டும், கட்டுத்துணி வேண்டும். வெளிநாட்டுத் துணி இறக்குமதியும் அறுந்துபோயிற்று. நூல் விலை ஏறிக்கொண்டே போனது. ஆலை முதலாளிக்கு அது லாபம். தொழிலாளிக்குக் கூடுதல் ஷிப்டும் பஞ்சப்படியும் கிடைத்தன. ஆனால் அரிசி விலை அவற்றை விழுங்கியது. கைத்தறிக்காரர் கதை இன்னும் மோசம். சேலத்திலும் கொங்குக் கிராமங்களிலும் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றன. துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு 1943-இல்தான் வந்தது. அதற்குள் பட்ட பாட்டைப் பாவு ஓட்டியவர்களே அறிவார்கள்.

ஆக, யுத்தம் சம்பளமும் தரும், சோற்றையும் பறிக்கும் ஒரு நகரத்தில் யுத்தத்தை எதிர்க்க வேண்டியிருந்தது. ஊரின் பெரிய மனிதர்களில் ஒருவரான ஆர்.கே. சண்முகம் செட்டியார், கொச்சி திவானாக இருந்துவிட்டு, 1941-42-இல் அமெரிக்காவில் இந்தியக் கொள்முதல் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதே காலத்தில் அதே ஊர்க் காங்கிரஸ்காரர்கள் போருக்கு உதவாதீர்கள் என்று சொல்லி ஜெயிலுக்குப் போனார்கள். இரு தரப்பாரும் ஒரே கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடக்கூடியவர்கள் என்பதை மறந்துவிட்டால் கோவை அரசியல் புரியாது.

முதலில் சத்தமிட்டவர்கள் இடதுசாரிகள். இது ஏகாதிபத்தியங்களுக்குள் நடக்கும் சண்டை, தொழிலாளிக்கு இதில் பங்கில்லை என்பது அவர்கள் வாதம். 1939 அக்டோபர் 2 அன்று பம்பாயில் சுமார் 90,000 தொழிலாளர்கள் யுத்தத்தை எதிர்த்து ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் வட மலபாரில், மொறாழையிலும் மட்டனூரிலும் எதிர்ப்புக் கூட்டங்கள் போலீசோடு மோதலாக முடிந்தன. தமிழ்நாட்டில் பி. ராமமூர்த்தி, மோகன் குமாரமங்கலம் முதலியோர் மீது சென்னைச் சதி வழக்குத் தொடரப்பட்டது. கோவையில் ஆலைத் தொழிலாளர்களின் தலைவராக இருந்தவர் என்.ஜி. ராமசாமி. காங்கிரஸ் சோஷலிஸ்ட். 1937 தேர்தலில் தொழிலாளர் பிரதிநிதியாகச் சட்டசபைக்குப் போனவர். இவருக்குப் பஞ்சப்படிப் போராட்டமும் யுத்த எதிர்ப்பும் வேறு வேறல்ல. மேடையில் நின்று ஏகாதிபத்தியம் என்று பேசினால் புரியாதவனுக்கும், அரிசி விலை என்றால் புரியும்.

மதத்தின் பெயரால் ஒருவர், அரசியலின் பெயரால் இன்னொருவர்

காங்கிரசுக்குள் நடந்த சண்டை இதைவிடச் சிக்கலானது. யுத்தத்தை எதிர்க்க வேண்டும் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போனார்கள். எதற்காக என்பதில் இரண்டு பிளவு.

காந்திக்கு யுத்தமே பாவம். சுதந்திரம் கொடுத்தாலும் ஆயுத உதவி செய்யக் கூடாது, தார்மிக ஆதரவு மட்டும்தான் என்றார். ராஜாஜிக்கு அப்படியல்ல. அகிம்சை சுதந்திரப் போராட்டத்துக்கு ஆயுதம், ஆனால் நாட்டை ஆளும் அரசு படையில்லாமல் இருக்க முடியாது. தேசிய அரசாங்கம் அமைக்கவிட்டால் போரில் முழுமூச்சோடு உதவலாம். இந்த ராஜாஜி கொங்கு மண்ணுக்கு அந்நியர் அல்லர். சேலத்தில் வக்கீலாக இருந்தவர். 1925 முதல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நடத்தியவர். ராட்டையும் மதுவிலக்கும் அவருக்கு உயிர். யுத்தம் மட்டும் அவருக்கு மதக் கேள்வியாக இல்லை, ராஜதந்திரக் கேள்வியாக இருந்தது.

1940 ஜூனில் வார்தாவில் காரியக் கமிட்டி, அந்நியப் படையெடுப்பைச் சமாளிக்கும் விஷயத்தில் காந்தியோடு முழுத் தூரம் வர இயலாது என்று சொல்லி அவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. அடுத்த மாதம் ராஜாஜியின் தீர்மானம் பூனாவில் நிறைவேறியது. அப்போது கமிட்டியை விட்டு வெளியேறியவர் கான் அப்துல் கஃபார் கான். இறைவனுக்குப் பணி செய்பவர்கள் என்று பெயரிட்ட தம் பட்டான் தொண்டர் படை அகிம்சையை மத விரதமாகவே ஏற்றிருந்தது என்பதால், யுத்தத்தில் பங்கேற்கும் பேரத்துக்கு அவர் உடன்படவில்லை. துப்பாக்கியோடு பிறந்தவர்கள் என்று பெயர் வாங்கிய இனத்திலிருந்து வந்த முஸ்லிம் ஒருவர் காந்தியின் பக்கம். கீதையையும் உபநிடதத்தையும் பற்றி எழுதிய சேலத்து வைணவர் எதிர்ப்பக்கம். மதத்தையும் யுத்தத்தையும் பற்றிச் சுலபமாகத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 8 அன்று வைசிராய் வைத்த யோசனையில் தேசிய அரசாங்கம் என்ற பேச்சே இல்லை. ராஜாஜியின் பேரம் கையோடு போயிற்று. செப்டம்பரில் பம்பாயில் கூடிய காங்கிரஸ் திரும்பக் காந்தியிடம் வந்தது.

காந்தி தேர்ந்தெடுத்த முறை வினோதமானது. கூட்டமாக வேண்டாம். ஒவ்வொருவராகப் போக வேண்டும். போகிறவர் பெயருக்கு அவருடைய ஒப்புதல் வேண்டும். நூல் நூற்பவராக, கதர் கட்டுபவராக, தீண்டாமையை விட்டவராக இருக்க வேண்டும். எந்த நாள், எந்த இடம், எத்தனை மணி என்று கலெக்டருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட வேண்டும். அங்கே நின்று, பிரிட்டனின் போர் முயற்சிக்கு ஆளாகவோ பணமாகவோ உதவுவது தவறு, எல்லாப் போரையும் அகிம்சையால் எதிர்ப்பதே தகும் என்ற பொருளில் ஒரு வாசகத்தைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் குற்றம். இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி அதற்குச் சில மாதம் முதல் சில வருஷம் வரை ஜெயில். மறுப்பதற்கு உத்தரவு இல்லாத நாட்டில், மறுப்பை வாய்விட்டுச் சொல்வதையே குற்றமாக்கிக் காட்டினார் காந்தி. சட்டம் எதைக் கண்டு பயப்படுகிறது என்பதும் அதில் வெளிப்பட்டது.

முதல் ஆளாக 1940 அக்டோபர் 17 அன்று பவுனாரில் வினோபா பாவே நின்றார். இரண்டாமவர் நேரு. இந்த வரிசை தற்செயல் அல்ல. வினோபா எல்லா யுத்தத்தையும் எதிர்ப்பவர், நேரு இந்த யுத்தத்தில் அடிமை நாடாகப் பங்கேற்பதை மட்டும் எதிர்ப்பவர். நாஜிகளின் தோல்வியை நேரு விரும்பாதவர் அல்லர். மத அடிப்படையில் ஒருவர், அரசியல் அடிப்படையில் ஒருவர் என்று இரண்டையும் முன்வரிசையில் நிறுத்தினார் காந்தி. வினோபாவுக்கு மூன்று மாதம், நேருவுக்கு நான்கு வருஷம் தண்டனை. எந்த எதிர்ப்பைக் கண்டு அரசாங்கம் அதிகம் அஞ்சியது என்பதற்கு இந்த இரண்டு எண்களே கணக்கு.

நவம்பர் நடுவிலிருந்து சட்டசபை உறுப்பினர்களும் கமிட்டி உறுப்பினர்களும் போகத் தொடங்கினார்கள். ராஜாஜி டிசம்பர் 3 அன்று கைதாகி ஓராண்டு தண்டனை பெற்றார். நாலு மாதத்துக்கு முன் போருக்கு உதவத் தயார் என்றவர், இப்போது எல்லாப் போரையும் எதிர்க்கும் வாசகத்தோடு ஜெயிலுக்குள். கட்சிக் கட்டுப்பாடு என்று அதைப் புகழலாம். எனக்கென்னவோ, அந்த வாசகத்தைச் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு அதன் பின்பாதியில் நம்பிக்கை இருந்திருக்காது என்றே தோன்றுகிறது. முன்பாதிக்காக ஜெயிலுக்குப் போனார்கள்.

கோவை வட்டாரத்தில் இரண்டு பாதியையும் ஏற்றவர்களும் இருந்தார்கள். தி.சு. அவிநாசிலிங்கம் திருப்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ராமகிருஷ்ணர், விவேகானந்தர் வழியில் துறவுக்கு நிகரான பிரம்மச்சரிய வாழ்க்கை நடத்தியவர். 1930-இல் அவர் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்தது. அதற்கு 1934-இல் அடிக்கல் நாட்டியவர் காந்தி. அவிநாசிலிங்கம் 1930, 1932 போராட்டங்களில் சிறை சென்றவர். 1941-இல் மறுபடி போனார், 1942-இல் இன்னொரு தடவை. பள்ளிக்கூடத்தை ஆசிரமமாக நடத்தியவருக்குச் சிறை இன்னொரு ஆசிரமம் என்ற அளவில்தான் இருந்திருக்கும். மத்திய சட்டசபை உறுப்பினர் ஒருவர், துறவியின் மனத்தோடு, யுத்த எதிர்ப்புக்காகக் கம்பி எண்ணுவது கோவைக்கே உரிய கலவை.

தலைவர்கள் முடிந்து 1941 ஜனவரியிலிருந்து உள்ளூர்க் கமிட்டிக்காரர்களும், ஏப்ரலிலிருந்து சாதாரண உறுப்பினர்களும் வந்தார்கள். பெயர் தெரியாதவர்களைப் பல இடங்களில் போலீஸ் கண்டுகொள்ளவில்லை. கைது செய்யாவிட்டால் வழிநெடுகப் பிரசாரம் செய்துகொண்டே டெல்லியை நோக்கி நடக்க வேண்டும் என்பது காந்தியின் கட்டளை. நாடு முழுவதும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஜெயிலுக்குப் போனார்கள். இவர்களில் பலரும் ஊர் வாத்தியார், கதர்க் கடைக்காரர், சின்னப் பண்ணையக்காரர். தியாகிகள் விவரத் தொகுப்புகளைப் புரட்டினால் பெயர், ஊர், தண்டனைக் காலம் என்று ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒற்றை வரியாவது மிஞ்சியிருப்பதற்குக் காரணம், அவர்கள் கலெக்டருக்குத் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. இருட்டில் தண்டவாளம் பெயர்த்தவர்கள் இயல்பாகவே கடிதம் எழுதவில்லை. பின்னாளில் மத்திய அரசு தியாகி ஓய்வூதியத்துக்கு ஆறு மாதச் சிறைவாசம் என்று வரம்பு வைத்தபோது, மூன்று மாதத் தண்டனையோடு வெளியே வந்த சத்தியாக்கிரகி அந்தக் கணக்கிலும் சேரவில்லை.

சத்தியாக்கிரகத்தைக் காந்தி ஒரு தடவை நிறுத்தி வைத்தார். 1940 டிசம்பர் 24 முதல் ஜனவரித் தொடக்கம் வரை. கிறிஸ்துமஸ் சமயத்தில் கிறிஸ்தவ அதிகாரிகளின் பண்டிகையைக் கைது வேலையால் கெடுக்கக் கூடாது என்பது காரணம். எதிரியின் பண்டிகைக்கு விடுமுறை விட்ட போராட்டம் உலகத்தில் வேறு உண்டா தெரியவில்லை.

கிறிஸ்தவர்களுக்குள்ளும் இந்தப் போர் பிளவை உண்டாக்கியது. அமெரிக்க மிஷனரிச் சங்கங்கள் இந்தியாவில் வேலை செய்ய வேண்டுமானால் அரசுக்கு விசுவாசமாக நடப்போம் என்று உறுதிமொழி தர வேண்டும். 1940 தொடக்கத்தில் வட இந்தியாவில் ஜே ஹோம்ஸ் ஸ்மித், ரால்ஃப் டெம்ப்ளின், பால் கீன் முதலிய மெதடிஸ்டு மிஷனரிகள், கிறிஸ்தாக்கிரகம் என்று பெயர் சூட்டிய அறிக்கையை வைசிராய்க்கு அனுப்பினார்கள். இந்தியாவைக் கேட்காமல் போரில் இழுத்தது தவறு என்றார்கள். உறுதிமொழியை மீறியதாகச் சொல்லி அவர்களை நாடு திரும்ப வைத்தார்கள். ஸ்மித் நியூயார்க்கின் ஹார்லமில் ஓர் ஆசிரமம் தொடங்கினார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் சத்தியாக்கிரகத்தைக் கையாண்ட ஜேம்ஸ் ஃபார்மர் போன்றவர்கள் அந்த ஆசிரமத்தோடு பழகியவர்கள். சபை துரத்தியடித்த யுத்த எதிர்ப்பு அப்படிக் கடல் தாண்டி வேறு களத்தில் வேர்பிடித்தது.

தமிழ்நாட்டில் இந்த வழியில் நின்றவர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான். மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரி. காந்தியவாதிகளோடு பழகியதற்காக 1930-இல் ஒரு தடவை, யுத்தகாலத்தில் 1944-இல் இன்னொரு தடவை நாடு கடத்தப்பட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு திரும்பி வந்து காந்திகிராமம் பக்கம் தங்கிவிட்டார். தஞ்சாவூர்க் கிறிஸ்தவரான ஜே.சி. குமரப்பா வேறு விதம். இயேசுவின் போதனையைச் சபையின் விளக்கத்திலிருந்து பிரித்து வாசித்தவர் அவர். போர்ச் செலவுக்காக நோட்டு அச்சடித்து, கடன்பத்திரத்தை லண்டனில் வைத்துக்கொண்டு, இந்திய விவசாயியின் தானியத்தை எடுத்துச் செல்வதைத் திருட்டு என்று எழுதினார். ஜெயில் கிடைத்தது. அங்கேதான் இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றிய தம் நூலை எழுதினார். கோவை ஆலைச் சங்கும் கைத்தறிக்காரனின் காலித் தறியும் ஒரே பொருளாதாரத்தின் இரண்டு முகம் என்பதைக் குமரப்பா அளவுக்குத் தெளிவாகச் சொன்னவர் அப்போது குறைவு.

மதத்தின் பெயரால் பட்டாளத்தை மறுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல என்பதையும் சேர்க்க வேண்டும். 1921 ஜூலையில் கராச்சி கிலாபத் மாநாடு, பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருப்பது முஸ்லிமுக்கு விலக்கப்பட்டது என்று தீர்மானித்தது. அதற்காகக் கிலாபத் தலைவர் முகமது அலி வால்டேரில் கைதானதும், காந்தி தமிழ்நாட்டுக்கு வந்து திருச்சிக் கூட்டத்தில் அதே குற்றத்தைத் தம் வாயாலும் செய்தார். 1940-இன் வாசகத்துக்கு மூலப் பாடம் அங்கே இருக்கிறது. 1939-இல் ஜமியத்துல் உலமாவும் அஹ்ரார் கட்சியும் போருக்கு எதிராக நின்றதும் அந்த மரபில்தான்.

எதிர்வாதமும் இதே மண்ணில் பிறந்தது. ஈரோட்டிலிருந்து பெரியார், போரில் பிரிட்டனை ஆதரித்தார். காங்கிரஸ் கேட்கும் சுதந்திரம் பார்ப்பனர் ஆட்சிக்கு வழி என்பது அவருடைய கணிப்பு. ஹிட்லரின் ஆரியப் பெருமையைத் திராவிட இயக்கத்தார் உள்ளூர் ஆரியத்தோடு சேர்த்தே பார்த்தார்கள். யுத்த எதிர்ப்பாளர்கள் இதற்கு நேர்ப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை, வெறும் வெள்ளைக்கார விசுவாசம் என்று தள்ளிவிட்டார்கள். அது போதாத பதில். எல்லா யுத்தமும் தவறு என்கிறவர் ஹிட்லரை என்ன செய்வது என்ற கேள்விக்கு முகம் கொடுத்தாக வேண்டும். காந்தி ஹிட்லருக்குக் கடிதமாவது எழுதினார், இரண்டு தடவை. போய்ச் சேரவில்லை.

குலைந்தது எப்படி

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் நாட்டின் மீது பாய்ந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு ஏகாதிபத்திய யுத்தம் சில மாதங்களில் மக்கள் யுத்தமாயிற்று. 1942 ஜூலையில் கம்யூனிஸ்டு கட்சி மீதிருந்த தடை நீங்கியது. முதலில் எதிர்த்தவர்கள் முதலில் வெளியேறினார்கள். ஆலைகளில் உற்பத்தி நிற்கக் கூடாது என்று அவர்கள் சொல்ல வேண்டி வந்தபோது தொழிலாளி குழம்பியதில் ஆச்சரியம் இல்லை.

1941 டிசம்பர் தொடக்கத்தில் சத்தியாக்கிரகிகளை விடுதலை செய்தார்கள். நாலு நாளில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. மாதக் கடைசியில் பர்தோலியில் காங்கிரஸ் காரியக் கமிட்டி திரும்பவும் காந்தியின் முழு அகிம்சையை ஒதுக்கி வைத்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மலேயா தோட்டங்களில் சொந்தக்காரர் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் குறைவு. ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும் சென்னை காலியானது. மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவர்களைக் கோவையும் பார்த்தது. யுத்தம் ஐரோப்பாவில் நடக்கும் சங்கதியாக இனி இல்லை. அந்த மாதமே ராஜாஜி சென்னைச் சட்டசபைக் காங்கிரசாரைக் கூட்டி, முஸ்லிம் லீகின் பாகிஸ்தான் கோரிக்கையை ஏற்று உடன்பாடு கண்டு போரை நடத்த வேண்டும் என்று தீர்மானம் போட வைத்தார். ஜூலையில் காங்கிரசை விட்டே விலகினார்.

அந்த நிலையில் வந்தது காங்கிரசின் ஆகஸ்ட் 8 ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம். தலைவர்கள் மறுநாள் காலைக்குள் ஜெயிலில். கலெக்டருக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் வெளியே இல்லை. ஆலைகளில் வேலைநிறுத்தம் பரவியது. சிங்காநல்லூர்ப் பாதையில் ரயில் கவிழ்ந்தது, சூலூர் எரிந்தது. விமானத் தளத்துக்காக நிலத்தை இழந்தவர்களின் கோபமும், அங்கே கூலி வேலை செய்தவர்களின் மனக்குறையும், விலைவாசியும், ஜப்பான் வந்துவிடும் என்ற வதந்தியும் அந்தத் தீயில் சேர்ந்திருந்தன. அதை யுத்த எதிர்ப்பு என்று சொல்லலாமா? ராணுவத் தளவாடத்தைக் குறிவைத்த அளவில் ஆம். ஆனால் 1940-இல் மேடையேறிய வாதம் அதில் இல்லை. அங்கே ஒருவன் தன் உடம்பை மட்டும் பணயம் வைத்தான். இங்கே எஞ்சின் டிரைவரின் உயிரும் பணயத்தில் இருந்தது. வினோபாவின் பாதியைக் கழித்துவிட்டு நேருவின் பாதியை மட்டும், அதுவும் நேரு சொல்லாத வழியில், ஊர் கையில் எடுத்துக்கொண்டது. சூலூரிலும் சுற்றுப்பட்டிகளிலும் போலீஸ் அடக்குமுறை கடுமையாக இருந்தது. கூட்டு அபராதம் என்ற பெயரில் செய்தவன், செய்யாதவன் எல்லோரும் பணம் கட்டினார்கள். என்.ஜி. ராமசாமி சிறை வாழ்வில் உடல் நலிந்து, 1943-இல் முப்பதைத் தாண்டிய வயதிலேயே இறந்தார்.

ரயில் கவிழ்ந்ததால் கொச்சிக்குப் போன சரக்கு எத்தனை நாள் தாமதமாகியிருக்கும்? சில நாள். சூலூர்த் தளம் கட்டி முடிக்கப்பட்டு, போரின் கடைசியில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்கள் அங்கே நின்றன. இன்று இந்திய விமானப் படையின் முக்கியத் தளங்களில் ஒன்று. தனிநபர் சத்தியாக்கிரகமும் போரை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. பலனை வைத்து அளந்தால் இரண்டும் ஒன்றே. சொன்னது என்ன என்று பார்த்தால் ஒன்றல்ல. முதலாவது யுத்தம் சரியா என்று கேட்டது. இரண்டாவது, யாருடைய ராஜ்யம் என்று கேட்டது. சுதந்திரம் வந்ததும் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. முதல் கேள்வியைச் சுதந்திர இந்தியா 1947 அக்டோபரில், காஷ்மீருக்குப் படை போனபோதே ஒதுக்கி வைத்தது. காந்தியும் அதைத் தடுக்கவில்லை.

அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்தவர்களில் ஒருவர், அரசுக்கு அகிம்சை ஒத்துவராது என்று 1940-இல் வாதாடிய ராஜாஜிதான். அணுகுண்டு வந்த பிறகு அவர் கணக்கு மாறியது. 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனக் குழுவோடு வாஷிங்டனுக்குப் போய், அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று ஜனாதிபதி கென்னடியிடம் நேரில் வாதாடினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவும் சோவியத்தும் பிரிட்டனும் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.